கஞ்சாக் குப்பையும் எனது வலது கையும்

1

வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று கொம்பனி எனக்கு இரண்டு சாமான் தந்தது. காலை பத்து மணிக்கு ஒரு கேக். பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு விசாரணைக் கடிதம். கேக்கில் என் பெயரைத் ‘தாமா’ என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தில் தர்மகுலராசா என்று முழுப்பெயரும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. இந்த நாட்டில் உங்களுடைய முழுப்பெயரைச் சரியாக எழுதிவிட்டார்களென்றால் ஏதோ வில்லங்கம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான். அழிப்பு அறையில் நான் கஞ்சாவைத் தொட்டு, அதே கையை முகத்துக்குக் கொண்டுபோவது கமராவில் பதிவாகியிருக்கிறது. ஒருமுறை, இருமுறை அல்ல. இரண்டு கிழமைக்குள் நாற்பத்தொரு முறை. நான் அதை முகர்ந்தேனா, தின்றேனா என்று வருகிற வியாழக்கிழமை விளக்கம் தர வேண்டும். அதுவரைக்கும் அந்த அறைப்பக்கம் போகக்கூடாது. விளக்கம் திருப்தியில்லையென்றால் என் பாதுகாப்பு அனுமதி போகும். அனுமதி போனால் வேலையும் போகும்.

ஐயா, நான் பீடிகூடக் குடித்தவன் அல்லன். கல்யாண வீடுகளில் யாராவது பியர்ப் போத்தலைக் கையில் திணித்தால் மரியாதைக்காக அதைப் பிடித்துக்கொண்டு நின்று, போகும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்ட என்மேல், ஐம்பத்தேழாவது வயதில், குப்பைக் கஞ்சா தின்றதாகப் பழி. நல்ல கஞ்சா தின்றதாகச் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

மிச்சக் கேக்கை ஒரு பெட்டியில் போட்டு, லொக்கர் சாவியைக் கையளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் வேலையைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். உங்களில் பலர் நான் ‘மருந்துத் தோட்டத்தில்’ வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது நான் பரப்பிய கதைதான். இனி மறைத்து என்ன பலன்?

கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி மாதிரி வளர்த்து, கடையில் வைத்து, ரசீது போட்டு விற்கிறார்கள். ரொறன்ரோவில் சில தெருக்களில் பாண் வாங்குகிற கடையைவிடக் கஞ்சாக் கடை கிட்டவாக இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது, அதிலும் குப்பை உண்டு என்பது. தண்டு, வேர், பழுத்த இலை, பூஞ்சணம் பிடித்த பூ, திகதி முடிந்து கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டி என்று தினமும் மலையாகக் குவியும்.

இதைத் தூக்கி வெளியே எறிய முடியாது. யாராவது பொறுக்கிப் புகைத்துவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்குப் பயம். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குப்பையை இனி ஒருத்தரும் உட்கொள்ள முடியாத, அல்லது உட்கொள்ள வாய்ப்பே இல்லாத ஒரு பொருளாக மாற்ற வேண்டும். மாற்றுவதைத் தகுதி பெற்ற இரண்டு பேர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒஷாவாவுக்கு அங்காலே, வயல்வெளிகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் தொழிற்சாலையில் அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். என்னுடைய கல்யாணப் பதிவுக்குச் சாட்சி வைக்க வந்தவர்களில் ஒருத்தர் பஸ்ஸைத் தவறவிட்டு, வழியில் போன தபால்காரரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினோம். இங்கே ஒரு கூடை தண்டு செத்துப்போவதற்கு இரண்டு சாட்சி, நாலு கமரா.

முதலில் நிறுப்போம், கிராம் பிசகாமல். பிறகு யந்திரத்தில் போட்டு அரைப்போம். அரைத்ததோடு தண்ணீரும், இங்கே பூனைகளின் கக்கூசுக்கென்று கடையில் விற்கிற மணலும் சேர்த்துக் குழைப்போம். கடைசியில் பீப்பாவுக்குள் கிடக்கிற அந்தச் சாமானைப் பார்த்தால், எனக்கு நீரிழிவு வந்த பிறகு மனைவி மலர் எனக்கென்று தனியாக அவிக்கிற குரக்கன் புட்டு மாதிரியே இருக்கும். ஒருத்தரும் உட்கொள்ள வாய்ப்பில்லை என்ற சட்டத்தின் எதிர்பார்ப்பை இரண்டும் பூர்த்தி செய்கின்றன.

குழைத்ததையும் விட்டுவிட மாட்டார்கள். எருவாக்குகிற இடத்து லொறி வருமட்டும் பீப்பாக்களை இரும்புக் கதவு போட்ட அறையில் பூட்டி வைக்க வேண்டும். மோர்னிங்சைட்டில் என் வீட்டுக் குப்பைத் தொட்டியை ரக்கூன் என்கிற விலங்கு வாரத்துக்கு மூன்று நாள் திறந்து பார்த்துவிட்டுப் போகிறது. வேலையிடத்தில் குப்பை அறைக்குள் போக எனக்கே அட்டையும் இரகசிய இலக்கமும் தேவை.

இதை நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது சிவபெருமானாலும் ஆகாது. கோயிலில் செல்வராசா அண்ணை என்று ஒருவர். எனக்குப் பத்து வயது மூப்பு. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

“தம்பி, முழங்கால் நோ தாங்கேலாமல் கிடக்கு. நீங்கள் எறியிற குப்பைதானே, ஒரு பையிலை கொஞ்சம் போட்டுக்கொண்டு வாவன்.”

“அண்ணை, அதுக்குள்ளை பூனை மண் கலந்திருக்கு.”

“கலக்க முந்தி எடன்.”

இப்படிப்பட்ட ஊர் இது. என்னை வேலையால் நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டால், ‘அவன் எடுத்திருப்பான்’ என்று முதலில் சொல்லப்போகிறவர் செல்வராசா அண்ணைதான். எனக்குத் தராமல் எடுத்திருக்கிறானே என்று கோபமும் படுவார்.

3

கடிதம் வந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதல் மலரிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கோ. தின்னனீங்களே?”

“உனக்கென்ன விசரே?”

“இல்லை, கொஞ்ச நாளா நல்லாச் சாப்பிடுறியள். நித்திரையும் நல்லாக் கொள்ளுறியள்.”

இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்திய மனுசி இப்படிக் கேட்டால் கொம்பனிக்காரன் கேட்பதில் என்ன பிழை?

உண்மையில் நடந்தது என்னவென்று சொல்கிறேன். மேசையில் தண்டுகளை வெட்டும்போது சில கீழே விழும். நிலம் முழுக்க இலை. றப்பர் சப்பாத்தோடு நடமாடும்போது கால் படும். கால் பட்டால் என் கை தானாகக் கீழே போய், அதைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அவ்வளவுதான். நம்மவர்கள் புத்தகத்தில் கால் பட்டால், பேப்பரில் கால் பட்டால், காசில், அரிசியில், ஆளில் கால் பட்டால் செய்வது. ஐந்து வருடமாகச் செய்திருக்கிறேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை. நானே கவனிக்கவில்லை. இப்போது கொம்பனி புதிதாகப் போட்ட கமரா, கை முகத்துக்குப் போனால் தானாகக் குறித்துக்கொள்கிற வகை. அது சோறு தண்ணியில்லாமல் இருந்து எண்ணி நாற்பத்தொன்று என்று கணக்குக் கொடுத்துவிட்டது.

அதுவும் பரவாயில்லை. போன மாதம் எல்லாருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். ‘அழிப்பு அறையில் கையுறையோடு முகத்தைத் தொடுவதுண்டா?’ என்று கேள்வி. நான் ‘இல்லை’ என்ற பெட்டியில் சரி போட்டு, வடிவாகக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருந்தேன். பொய் சொல்லவில்லை. என் கை அப்படிப் போகிறது என்று என் தலைக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்து என்னுடையது.

அடுத்த நாள் தரக்கட்டுப்பாட்டு மனேஜர் சுபத்ரா தொலைபேசி எடுத்தா. முப்பத்தைந்து வயதுப் பிள்ளை. கோயம்புத்தூர். படித்த படிப்பையெல்லாம் பெயருக்குப் பின்னால் எழுதினால் ஒரு வரி வரும்.

“சார், ஃபார்ம்ல ‘நோ’ன்னு டிக் பண்ணியிருக்கீங்க. வீடியோல நாற்பத்தொரு தடவை இருக்கு.”

“பிள்ளை, அது கால் பட்டால் தொட்டுக் கும்பிடுறது. உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சார். வீடியோ பார்த்த முதல் செகண்டே தெரிஞ்சுது. ஆனா எனக்குத் தெரியும்ங்கிறது ரெக்கார்டுல இல்லையே.”

“நீங்கள் சொன்னால் ரெக்கோட்டிலை வரும்தானே?”

“நான் சொன்னா, ரெண்டு தமிழ் ஆளுங்க சேர்ந்து மூடி மறைக்கிறாங்கன்னுதான் ரெக்கார்டுல வரும். ரெண்டு பேர் வேலையும் போகும்.”

“அப்ப என்ரை மூத்திரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கோ. நான் இப்பவே வாறன்.”

“ஐயோ சார், அதெல்லாம் வேணாம். அதுல நீங்க சாப்பிடலைன்னு தெரியும். ஏன் ‘நோ’ போட்டீங்கன்னு தெரியாதே. ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு ரூல் இருக்கு. இங்கிலீஷ் நல்லா பேசுற யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க.”

போனை வைத்த பிறகு அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவ சொன்னதில் பிழையில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

4

வேலைக்குப் போகாத அந்த ஒரு கிழமையும் நான் என் வலது கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். குசினியில் வெங்காயப் பையில் கால் பட்டது, கை போனது. மலரின் கைப்பை, போனது. தொலைக்காட்சியின் ரிமோட்டுக்குக்கூடப் போனது. வெள்ளிக்கிழமை மட்டும் பதினொரு முறை. கமராவின் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்தக் கை ஒருமுறை என்னைக் கொல்லவும் பார்த்தது. யாழ்ப்பாணத்தில் எனக்கு இருபது வயதிருக்கும். சோதனைச் சாவடியில் சைக்கிளை நிறுத்தி, என் பையைக் கவிழ்த்துக் கொட்டினான் ஒரு சிப்பாய். கணக்கியல் கொப்பிகள் தார் ரோட்டில் விழுந்தன. பின்னுக்கு நகரச் சொன்னான். நகரும்போது ஒரு கொப்பியை மிதித்துவிட்டேன். அவ்வளவுதான், கை கீழே போய்விட்டது. சிப்பாய் நான் எதையோ எடுக்கக் குனிகிறேன் என்று நினைத்துத் துவக்கின் பின்பக்கத்தால் தோளில் ஒன்று போட்டான். அங்கே கை கீழே போனது குற்றம். இங்கே கை மேலே போனது குற்றம். நல்லவேளையாக இந்த நாட்டில் அடிக்கு முதல் கடிதம் தருகிறார்கள்.

என்னோடு நிற்கிற இரண்டாவது சாட்சி கிளென் என்கிற நியூஃபவுண்ட்லாந்துக்காரன். அறுபது வயது, நல்ல மனுசன், வாய் ஓயாது. இவன் எதற்கும் ‘சொறி’ என்று ஆங்கிலத்தில் மன்னிப்புச் சொல்வான். கதவில் இடித்தால் கதவுக்குச் சொறி. அரைக்கிற யந்திரத்தில் முழங்கை பட்டால் யந்திரத்துக்குச் சொறி. நான் அவன் காலை மிதித்தால் அதற்கும் அவன்தான் சொறி சொல்வான். இந்த நாட்டில் எல்லாரும் இப்படித்தான். நான் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறேனே தவிர, சொல்லிப் பழகவில்லை. எனக்கு அந்தச் சொல் வாயில் வராது. தமிழிலும் வராது. ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று நம் வீடுகளில் யார், எப்போது, யாரிடம் சொல்லியிருக்கிறார்கள்? ரயில் பிந்தினால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பிழை செய்துவிட்டோம் என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுத்து, ‘ரீ குடிப்பமே?’ என்று கேட்போம். எதிராளி ‘ஓம்’ என்றால் விசயம் முடிந்தது.

5

ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற ஆள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். மகள் ஆரணி. இருபத்தைந்து வயது, இங்கேயே பிறந்தவள். ஒரு காப்புறுதிக் கொம்பனியில் மற்றவர்களின் வாக்குமூலங்களை வாசித்து, எது உண்மை, எது புளுகு என்று பிரிக்கிற வேலை. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், நானும் அவளும் நாலு மாதமாகக் கதைப்பதில்லை.

நாலு மாதத்துக்கு முன் அவள் நகரத்துக்குள்ளே இருபத்தெட்டாம் மாடியில் ஒரு சின்ன அறை எடுத்துத் தனியாகப் போனாள். கல்யாணம் கட்டாத பிள்ளை ஏன் தனியாகப் போக வேண்டும் என்று நான் கேட்டேன். வேலைக்குப் போக வர மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் போகிறது என்று அவள் சொன்னாள். வாய் தடித்தது. ‘போறதெண்டால் போ, பேந்து இஞ்சை உனக்கு வீடில்லை’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்றே அது பிழை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து ‘ரீ குடிக்கிறியே?’ என்று கேட்கலாம் என்று பார்த்தால் பிள்ளை இல்லை, அறை வெறுமை.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வாசலுக்கு உள்ளே ஓரடி வைத்து நிற்பாள். தாய் ஐஸ்கிரீம் டப்பாக்களில் கறி போட்டுக் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு, ‘பை அப்பா’ என்று என் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். என் கதிரையில் இருந்தபடி அதை எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன். நெஞ்சு வெடிக்கும். எழும்பிப் போக மாட்டேன்.

“நீங்கள் கேட்கிறியளா, நான் கேட்கட்டே?” என்றாள் மலர்.

நான் ரிமோட்டைத் தேடினேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே நம்பரை அழுத்தினாள். மகளின் குரல் எனக்கும் கேட்டது.

“வெயிற், அப்பா கஞ்சா சாப்பிட்டவர் எண்டு சொல்லுறாங்களா? எங்கடை அப்பாவா?” என்று கேட்டு இரண்டு நிமிடம் சிரித்தாள். பிறகு, “ஓகே. தேர்ஸ்டே நான் லீவு போடுறன்” என்றாள்.

6

வியாழக்கிழமை. நீள மேசை. ஒரு பக்கம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பிரையன், அவருக்குப் பக்கத்தில் சுபத்ரா. மறுபக்கம் நானும் ஆரணியும். சுபத்ராவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

பிரையன் முதலில் வீடியோவைப் போட்டார். நாற்பத்தொரு இடங்களையும் வெட்டி ஒட்டி, நேரம் மிச்சம் பிடிக்க வேகமாக ஓடவிட்டார். திரையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் குனிகிறான், நிமிர்கிறான், கண்ணில் ஒற்றுகிறான், குனிகிறான், நிமிர்கிறான். கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது. ஆரணி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

அடுத்து ஒரு பிளாஸ்ரிக் பையைத் தூக்கி மேசையில் வைத்தார். உள்ளே என்னுடைய பாதுகாப்புக் கண்ணாடி. அதன் வலது பக்கத்தில் மட்டும் பச்சைப் பசை அப்பியிருந்தது. ஐந்து வருடமாக நானும் யோசித்ததுதான், ஏன் எனக்கு மட்டும் வலது கண் மங்கலாகத் தெரிகிறது என்று. இரண்டு முறை கண் வைத்தியரிடமும் போனேன்.

“விளக்குங்கள்” என்றார் பிரையன்.

ஒரு கிழமையாக ஒத்திகை பார்த்த ஆங்கிலம் எல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது. ‘நான் குப்பைக்கு மரியாதை செய்கிறேன்’ என்றுதான் வாயில் வந்தது. பிரையன் அதை எழுதினார்.

“அப்படியென்றால் நீங்கள் கஞ்சாவை வணங்குகிறீர்களா?”

“இல்லை, இல்லை! வணக்கம் இல்லை. கால் மட்டும்.”

“கால்?”

“கால் பட்டால், கை.”

“இது எவ்வளவு காலமாக நடக்கிறது?”

“சின்ன வயதிலிருந்து.”

பிரையனின் புருவம் மேலே போனது. அதையும் எழுதினார். சுபத்ரா தன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தா. என் வேலை என் வாயாலேயே போகிறது என்று எனக்கு விளங்கியது. அப்போதுதான் ஆரணி, ‘நான் பேசலாமா?’ என்று கேட்டாள்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என்னால் முடிந்த அளவுக்குத் தமிழில் தருகிறேன்.

“கால் என்பது எங்கள் ஆட்களுக்கு உடம்பின் கீழான பகுதி. மரியாதைக்குரிய ஒன்றில் கால் பட்டால் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். சாப்பாடு போடுகிற எதுவும் மரியாதைக்குரியது. இந்தக் குப்பைதான் இவருக்குச் சாப்பாடு போடுகிறது. இது உட்கொள்வது அல்ல, மன்னிப்புக் கேட்பது. ‘இல்லை’ என்று இவர் ஏன் கையெழுத்து வைத்தார் என்று கேட்டால், இவருக்கே தெரியாது. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொறி சொல்கிறீர்கள் என்று உங்களிடம் ஒரு படிவம் தந்தால், என்ன எழுதுவீர்கள்?”

பிரையன் அசையவில்லை. “இதற்கு வேறு ஏதாவது ஆதாரம்?” என்றார்.

ஆரணி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“என் அப்பா வாயால் மன்னிப்புக் கேட்க மாட்டார். எனக்கு இருபத்தைந்து வயது, ஒருமுறையும் கேட்டதில்லை. வோபர்னில் ஒற்றை அறை வீட்டில் இருந்தபோது நானும் அம்மாவும் நிலத்தில் மெத்தை போட்டுப் படுப்போம். அப்பா விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போவார். நாங்கள் எழும்பிவிடுவோம் என்று லைற் போட மாட்டார். இருட்டில் என் காலை மிதித்துவிடுவார். பிறகு குனிந்து என் காலைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். எனக்கு அப்போது ஆறு வயது. நான் நித்திரை என்று அவர் நினைத்தார். நான் முழித்துக்கொண்டுதான் கிடப்பேன். சில நாட்களில் அவர் வருகிற வழியில் நானே காலை நீட்டி வைத்திருக்கிறேன்.”

நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன். பிரையன் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டுத் தானும் ஒன்றை எடுத்தார்.

“அப்படியென்றால் இது ஒரு... சொறி?” என்றார்.

“ஓம்” என்றேன் நான், தமிழிலேயே.

அந்த மனிதரின் முகம் அப்படியே தெளிந்தது. கடவுள், கால், கை என்று அரைமணி நேரம் விளங்காத ஒன்று, சொறி என்றவுடன் விளங்கிவிட்டது. கனடாக்காரன் அல்லவா? கிளெனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் தினமும் யந்திரத்துக்குச் சொறி சொல்வதுண்டு என்று அவன் ஒப்புக்கொண்டான். தாமதமாக வந்ததற்கும் ஒரு சொறி சொன்னான். சுபத்ரா அப்போதுதான் முதல்தடவையாக வாயைத் திறந்து, “ரெக்கார்டில் ஏற்றிக்கொள்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னா. எழுதியதை ஒருமுறை சரிபார்த்து, பிரையன் பக்கம் திருப்பி வைத்தா. திட்டியதற்கு மனதுக்குள் வருத்தப்பட்டேன்.

ஆனால் அலுவலகம் அலுவலகம்தான். வேலை திரும்பக் கிடைத்தது; கூடவே வேலைமுறைக் கையேட்டில் ஒரு புதுப் பந்தியும் வந்தது. ‘பாதம் பொருளில் பட்டால் ஊழியர் வாய்மொழியாக மட்டும் வருத்தம் தெரிவிக்கலாம். கைகள் நெஞ்சுக்கு மேலே போகக்கூடாது.’ பழைய படிவத்துக்குப் பதிலாகப் புதியது ஒன்றில் நான் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். ஆரணி அதை வாங்கி இரண்டு தரம் வாசித்து, ‘தெரிந்து பொய் சொல்லவில்லை’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தாள். சேர்த்த பிறகுதான் பேனையை என் கையில் தந்தாள்.

வரும்போது காரில் அவளிடம் எவ்வளவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. “உங்கை மேலை தண்ணி ஒழுங்கா வருதே?” என்று கேட்டேன். வருகிறது என்றாள்.

7

இப்போது நான் கஞ்சாவுக்குச் சொறி சொல்கிறேன். ஐம்பத்தேழு வருடம் வாயில் வராத சொல். முதல் நாள் தொண்டைக்குள் மீன் முள் மாதிரி நின்றது. கால் பட்டவுடன் வலது கை கீழே போகப் பார்க்கும். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தண்டைப் பார்த்து ‘சொறி’ என்பேன். கிளெனுக்குப் பெரிய பம்பலும் சிரிப்பும். எத்தனை சொன்னேன் என்று சுவரில் கோடு போட்டு எண்ணுகிறான். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மலரும் கேட்பாள்.

“இண்டைக்கு எத்தினை?”

“பதினேழு.”

“ம்ம். குப்பை குடுத்து வைச்சது.”

செல்வராசா அண்ணையும் எப்படியோ கேள்விப்பட்டு, “தம்பி, அதை ஏன் வீணாக் கும்பிட்டுக்கொண்டு நிண்டனீ, எனக்குக் கொஞ்சம் தந்திருக்கலாமே” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணி வந்தாள். வழக்கம்போல வாசலுக்குள்ளே ஓரடி. மலர் குசினியில் டப்பாக்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் இருந்தேன். ‘பை அப்பா’ வரப்போகிறது என்று தெரிந்தது. என்ன நினைத்தேனோ, எழும்பிப் போய் அவளுக்கு முன்னால் நின்றேன். ஐந்து நாளும் தண்டுக்கும் வேருக்கும் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது.

“பிள்ளை, வீடில்லை எண்டு அண்டைக்குச் சொன்னன். அது பிழை. சொறி.”

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. ஆரணி சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“இது இண்டைக்கு எத்தினையாவது, அப்பா?”

“இண்டைக்கு ஞாயிறு. வேலை இல்லை. இதுதான் முதலாவது.”

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மலரின் குரல் வந்தது.

“அவளுக்குச் சொல்லியாச்சு. இஞ்சை குசினிக்குள்ளை இருபத்தெட்டு வருசமா ஒருத்தி நிக்கிறன்.”